பணம் நின்ற மறுநாள்: ஓவிய மென்பொருளுக்குச் சந்தாவா, ஒருமுறை விலையா?

1. கேள்வி

கணினியில் படம் வரைவோரிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. காமிக்ஸ் வரைபவர், புத்தக அட்டை வடிவமைப்பவர், அனிமேஷன் செய்பவர் என யாரைக் கேட்டாலும் அதில் அவருக்கு ஒரு நிலைப்பாடு இருக்கும். மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடுவது மேலா, மாதாமாதம் சந்தா கட்டுவது மேலா என்பதே அந்த வாதம். காலமெல்லாம் பணம் கட்டியும் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்கிறார்கள் சந்தாவை எதிர்ப்பவர்கள். எடுத்த எடுப்பில் பெருந்தொகை புரட்ட வேண்டியதில்லை, புதிய வசதிகள் உடனுக்குடன் கிடைக்கின்றன என்கிறார்கள் ஆதரிப்பவர்கள்.

இரு தரப்பும் பேசுவது பெரும்பாலும் மொத்தச் செலவைப் பற்றித்தான். அந்த ஒப்பீடு தேவையானது, ஆனால் போதுமானதன்று. திரைப்படத் தளத்துக்கான சந்தாவை நிறுத்தினால் பிறர் எடுத்த படங்கள் நம் பார்வையிலிருந்து போகும். ஓவிய மென்பொருளின் சந்தாவை நிறுத்தினால், கலைஞர் தாமே வரைந்த படைப்பு பூட்டிக்கொள்ள நேரலாம். வாடகை வீட்டைக் காலி செய்பவர் தம் பண்டபாத்திரங்களை எடுத்துக்கொண்டு போவதை யாரும் தடுப்பதில்லை. மென்பொருள் வாடகையில் அந்த உரிமை இன்னும் நிலைபெறவில்லை. ஆகவே, ஒரு விலைமுறை நியாயமானதா என்பதை, பணம் கட்டுவது நின்ற மறுநாள் கலைஞரின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2013-இல் நடந்த திருப்பம், அதன் செலவுக் கணக்கு, வாடகை குறித்த பொருளியல் விளக்கங்கள் ஆகியவை முதலில் ஆராயப்படுகின்றன. ஒருமுறை விலையின் போதாமைகளும், பணம் நின்றபின் நிகழ்பவையும் அடுத்து வருகின்றன. வாடகைக்கு மட்டுமே பொருள் தந்த நிறுவனங்கள் மீதான பழைய தீர்ப்புகளும் திறமூல மென்பொருள்களும் காட்டும் வழிகள் இறுதியில் பரிசீலிக்கப்படுகின்றன.

2. 2013: ஒரு நிறுவனம் எடுத்த முடிவு

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வணிகமுறை ஒன்றாகவே இருந்தது. வாங்குபவர் ஒருமுறை பணம் கொடுப்பார். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அடுத்த பதிப்பு வரும். வேண்டுமென்றால் சலுகை விலையில் அதற்கு மாறிக்கொள்வார், வேண்டாமென்றால் பழையதிலேயே வேலையைத் தொடர்வார். 2012-இல் வெளிவந்த கிரியேட்டிவ் சூட் 6 (சி.எஸ்.6) பதிப்பில் ஃபோட்டோஷாப்பின் விலை 699 டாலர். தகுதியுள்ள பழைய பதிப்பை வைத்திருந்தவருக்கு 199 டாலர். நிறுவனத்தின் மென்பொருள்கள் அனைத்தும் அடங்கிய மாஸ்டர் கலெக்‌ஷன் 2,599 டாலர்.

பழையதிலேயே தொடரலாம் என்ற அந்தச் சுதந்திரம் நிறுவனத்துக்குப் பெரிய இடராக இருந்தது. 2008 அக்டோபரில் சி.எஸ்.4 வெளிவந்த நேரத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வாடிக்கையாளர்கள் புதிய பதிப்பு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். 2008 நிதியாண்டில் சுமார் 358 கோடி டாலராக இருந்த அடோபியின் வருவாய், 2009-இல் சுமார் 295 கோடியாகக் குறைந்தது. 2011 நவம்பரில் நிறுவனம் ஒரு புதிய விதியை அறிவித்தது: உடனடியாக முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இனி மேம்பாட்டுச் சலுகை. எதிர்ப்பு எழுந்ததும் சி.எஸ்.3, சி.எஸ்.4 உரிமையாளர்களுக்கு 2012 இறுதிவரை அவகாசம் தரப்பட்டது.

இறுதி முடிவு 2013 மே 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த நிறுவனத்தின் மேக்ஸ் மாநாட்டில் வந்தது. கிரியேட்டிவ் சூட் வரிசையில் இனிப் புதிய பதிப்பு கிடையாது; புதியவை யாவும் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா வழியாகவே கிடைக்கும். பல்லாயிரம் பேர் இணையத்தில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர், முடிவு மாறவில்லை.

இதனால் நிறுவனமும் தொடக்கத்தில் அடி வாங்கியது. 2012-இல் சுமார் 440 கோடி டாலராக இருந்த வருவாய் 2013-இல் 406 கோடிக்கு இறங்கியது. நிகர லாபம் 83 கோடியிலிருந்து 29 கோடிக்கு விழுந்தது. பெருந்தொகை ஒரே நாளில் வந்த இடத்தில் சிறு தொகைகள் மாதந்தோறும் வரத் தொடங்கியதே காரணம். பிறகு வளைகோடு மேல்நோக்கித் திரும்பியது. 2024 நிதியாண்டின் வருவாய் 2,150 கோடி டாலர். இந்த எண்களைப் பார்த்த மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்ததில் வியப்பில்லை. முப்பரிமாண அனிமேஷனுக்கான மாயா உள்ளிட்ட மென்பொருள்களை விற்றுவந்த ஆட்டோடெஸ்க், 2016-இல் புதிய நிரந்தர உரிமங்களை நிறுத்தியது.

3. செலவுக் கணக்கு

சந்தா எப்போதுமே அதிகச் செலவு என்ற பரவலான எண்ணத்தை எண்கள் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு பதிப்பையும் தவறாமல் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 699 டாலரில் தொடங்கி, பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறை 199 டாலர் கொடுத்து மாறிவந்தால், ஆறு ஆண்டுகளில் அவர் செலவு 1,296 டாலர். 2013-இன் பிற்பகுதியில் அறிமுகமான, ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்த 9.99 டாலர் புகைப்படத் திட்டத்தில் அதே ஆறு ஆண்டுகளுக்கு ஆகும் தொகை 719 டாலர். இவருக்குச் சந்தா தெளிவான லாபம்.

ஒருமுறை வாங்கி, கருவி தேயும்வரை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. 2013-இன் விலைகளின்படி, 9.99 டாலர் திட்டத்தில் எழுபதாவது மாதத்திலும், ஒற்றை மென்பொருளுக்கான 19.99 டாலர் திட்டத்தில் முப்பத்தைந்தாவது மாதத்திலும் அவர் பழைய விலையைக் கட்டி முடித்துவிடுகிறார். முழுத் தொகுப்பை மாதம் 49.99 டாலருக்கு எடுத்தால் நான்கு ஆண்டு நான்கு மாதங்கள். அதன்பின் கட்டும் ஒவ்வொரு டாலரும் பழைய முறையில் அவர் செலவிட்டிருக்கத் தேவையில்லாத பணம்.

ஆக, தொடர்ந்து வேலையும் வருமானமும் உள்ள ஸ்டூடியோவுக்குச் சந்தா பொருந்துகிறது. இரண்டு மாதம் வேலை, மூன்று மாதம் காத்திருப்பு என்று வாழும் தனி ஓவியருக்குப் பொருந்துவதில்லை. அவருக்கு மென்பொருள் வேலை இருக்கும்போது மட்டுமன்று, வேலை இல்லாதபோதும் தேவை. பயிற்சியும் சொந்தப் படைப்பும் நடப்பது அந்த மாதங்களில்தான். வருமானம் வராத மாதத்திலும் கட்டணம் வந்து நிற்பதே அவரது குறை. மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கும் கணக்கில் அந்தக் குறை தெரிவதே இல்லை.

4. பொருளியல் தரும் விளக்கங்கள்

நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் நிறுவனம் ஏன் வாடகையை விரும்புகிறது என்பதற்குப் பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1972-இல் எழுதிய கட்டுரை அடிப்படை விளக்கம் தருகிறது. நீடிக்கும் பொருளை இன்று விற்ற நிறுவனம், நாளை மிச்சமுள்ள வாடிக்கையாளரைப் பிடிக்க விலையைக் குறைத்தாக வேண்டும். அதை முன்னுணரும் வாங்குவோர் காத்திருப்பார்கள். ஆகவே தனியாதிக்கம் இருந்தும் நிறுவனத்தின் விலை வலிமை கரைந்துவிடுகிறது. விற்காமல் வாடகைக்கு விடுவது இதிலிருந்து தப்பும் வழிகளில் ஒன்று. ஜெரமி புலோ 1982-இல் இதை விரித்து, அத்தகைய நிறுவனத்துக்கு விற்பனையைவிட வாடகையே லாபகரமானது என்று காட்டினார்.

மென்பொருள் தேய்வதில்லை என்பதால் இவ்விளக்கம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஃபோட்டோஷாப் சி.எஸ்.6-க்கு நேர்ப் போட்டி வேறு நிறுவனத்தின் மென்பொருளிடமிருந்து வந்ததைவிட, ஏற்கெனவே விற்கப்பட்ட சி.எஸ்.5-இடமிருந்தே அதிகம் வந்தது. சந்தா அந்தப் போட்டியை நீக்கிவிடுகிறது. தன் பழைய பதிப்பைவிடப் புதியது மேல் என்று ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரை நம்பவைக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இனி இல்லை.

இரண்டாவது விளக்கம் மனித கவனத்தைப் பற்றியது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக் கூடங்களில் மாதச் சந்தா கட்டியவர்கள் ஒரு வருகைக்குச் சராசரியாக 17 டாலருக்கு மேல் கொடுத்ததைக் கண்டார்கள். அதே கூடத்தில் 10 டாலர் சீட்டு வாங்கிப் போயிருக்கலாம். லிரான் ஐனாவ், பென் க்ளோபக், நீல் மஹோனி மூவரின் அண்மைய ஆய்வு இன்னும் நேரடியானது. கட்டண அட்டை மாறும்போது மக்கள் சந்தாவைத் தொடர்வதா என்று மறுபடி யோசிக்க நேர்கிறது; அந்தத் தருணத்தில் பலர் விலகிவிடுகிறார்கள். இதை வைத்து, வாடிக்கையாளரின் கவனமின்மையால் சந்தா நிறுவனங்களின் வருவாய் 14 விழுக்காட்டிலிருந்து 200 விழுக்காட்டுக்கும் மேல்வரை கூடுகிறது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த இரண்டாவது விளக்கத்தை ஓவிய மென்பொருளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. தினமும் எட்டு மணிநேரம் ஒரு கருவியோடு வாழும் ஓவியர் தம் சந்தாவை மறந்துவிடுவதில்லை. அவர் விலகாததற்குக் காரணம் வேறு: பத்தாண்டுக் கோப்புகள், பழகிய குறுக்குவிசைகள், சேர்த்துவைத்த பிரஷ்கள், அந்தக் கோப்பு வடிவத்திலேயே வேலையைக் கேட்கும் அச்சகமும் பதிப்பகமும். கவனமின்மை பொழுதுபோக்காக வரைபவரைப் பிடித்து வைக்கிறது; தொழில் செய்பவரைப் பிடித்து வைப்பது மாறுவதற்கான செலவு.

விலகும் வழியையே கடினமாக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பரிந்துரைத்ததன்பேரில் அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் அடோபி மீது தொடுத்த வழக்கின் சாரம் இதுதான். மாதந்தோறும் கட்டும் ஆண்டுத் திட்டத்தை முதலாண்டிலேயே நிறுத்தினால் மீதித் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்ற விதி தெளிவாகச் சொல்லப்படவில்லை, நிறுத்தும் வழியும் சிக்கலாக்கப்பட்டது என்று கமிஷன் குற்றம் சாட்டியது. தன் நிபந்தனைகள் வெளிப்படையானவை என்று நிறுவனம் மறுத்தது.

5. ஒருமுறை விலையின் போதாமைகள்

சந்தாவின் குறைகளைப் பட்டியலிட்டுவிட்டு ஒருமுறை விலையைப் பொற்காலமாகச் சித்திரிப்பது ஆய்வாகாது. மூன்று போதாமைகளையாவது எதிர்கொண்டாக வேண்டும்.

முதலாவது, சட்டநிலை. ஒருமுறை வாங்கியவர் உரிமையாளர்தானா? ஆட்டோகேட் மென்பொருளின் பழைய வட்டுகளை இபே தளத்தில் விற்றவர் தொடர்பான வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் ஆட்டோடெஸ்க் பக்கம் நின்றது. நிபந்தனைகளோடு உரிமம் பெற்றவர் அந்தப் பிரதிக்கு உரிமையாளராகமாட்டார் என்பது தீர்ப்பு. இதற்கு நேர்மாறாக, ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், காலவரம்பில்லாத உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஒரே பரிவர்த்தனை ஒரு கண்டத்தில் விற்பனை, இன்னொன்றில் வெறும் அனுமதி.

இரண்டாவது, பராமரிப்பு. 2012 மே மாதத்தில் ஃபோட்டோஷாப் சி.எஸ்.5-இல் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டபோது, பணம் கட்டி சி.எஸ்.6-க்கு மாறுவதே தீர்வு என்று அடோபி முதலில் சொன்னது. கண்டனம் எழுந்தபின்பே பழைய பதிப்புக்கும் திருத்தம் தருவதாக அறிவித்தது. ஒருமுறை வாங்கிய பணத்தில் எத்தனை ஆண்டுப் பழுதுபார்ப்பு அடக்கம் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

மூன்றாவது, இயங்குசூழலின் மாற்றம். சி.எஸ்.2 பதிப்பைச் செயல்படுத்தும் சர்வர் 2012 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதை வாங்கியிருந்தவர்களுக்குச் சரிபார்ப்புத் தேவைப்படாத வேறொரு நிறுவுகோப்பை நிறுவனம் தர வேண்டியதாயிற்று. ஆப்பிள் 2019 அக்டோபரில் வெளியிட்ட கேட்டலினா இயங்குதளம் 32 பிட் நிரல்களை அடியோடு கைவிட்டதும், அத்தகைய பகுதிகளைச் சார்ந்திருந்த சி.எஸ்.6 அங்கே நம்பகமற்றதாகிவிட்டது. நிரந்தர உரிமம் என்பது நடைமுறையில், கணினியும் இயங்குதளமும் மாறாதிருக்கும் காலம்வரையிலான உரிமம்.

இவற்றோடு உருவாக்குபவரின் பக்கமும் இருக்கிறது. மென்பொருளை எழுதுவோருக்கு மாதச் சம்பளம் உண்டு. புதிய வாங்குவோர் வந்துகொண்டே இருக்கும்வரைதான் ஒருமுறை விலை அந்தச் சம்பளத்தைத் தாங்கும். சந்தை நிரம்பியதும் வருவாய் நின்றுவிடும். சந்தா இதற்கொரு நேர்மையான விடையாக இருக்க முடியும் என்பதை மறுப்பதற்கில்லை.

6. வாக்குறுதிகளின் ஆயுள்

அடோபி சென்ற வழியை விரும்பாதோர் மாற்றுகளை நாடினார்கள். அவற்றில் மூன்று, ஒருமுறை விலை எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது என்பதைக் காட்டுகின்றன.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் ஹோபர்ட் நகரிலுள்ள சாவேஜ் இன்டராக்டிவ், 2011-இல் ஐபேடுக்காக வெளியிட்ட ப்ரோகிரியேட் இன்றும் ஒருமுறை விலையில்தான் கிடைக்கிறது, 12.99 டாலர். 2023-இல் வந்த அனிமேஷன் மென்பொருளான ப்ரோகிரியேட் ட்ரீம்ஸ் 19.99 டாலர். சந்தா முறைக்குப் போவதில்லை என்று அதன் தலைவர் ஜேம்ஸ் குடா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இது போற்றத்தக்க உறுதி. எனினும் அந்த விலை சாத்தியமாவதற்கு, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஐபேடு வாங்கி வரும் திரளான மக்கள் ஒரு முக்கியக் காரணம். கலைஞர் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் குறைவு. அது இயங்கும் ஒரே கருவிக்குக் கொடுக்கும் பணம் குறைவில்லை.

ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கிளிப் ஸ்டூடியோ பெயின்ட், மாங்கா ஓவியர்களின் முதன்மைக் கருவி. விண்டோஸ், மேக் கணினிகளில் ஒருமுறை வாங்கியவர்களுக்குப் பத்தாண்டுக் காலம் புதுப்பிப்புகள் இலவசமாகவே வந்தன. 2023-இல் வரும் இரண்டாம் பதிப்பிலிருந்து இது மாறும் என்று 2022 ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்ததும் உலகெங்கும் ஓவியர்கள் கொதித்தார்கள். இறுதியில் உருவானது ஒரு கலப்பு முறை. நிரந்தர உரிமம் தொடர்ந்து விற்கப்படுகிறது. புதிய வசதிகள் வேண்டுவோர் ஆண்டுதோறும் அப்டேட் பாஸ் வாங்கலாம். அதை நிறுத்தினால் தாம் வாங்கிய பதிப்புக்குத் திரும்பலாம். ஐபேடு, ஆண்ட்ராய்டு கருவிகளில் மட்டும் சந்தா ஒன்றே வழி.

மூன்றாவது, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1987-இல் தொடங்கப்பட்ட செரிஃப் நிறுவனத்தின் அஃபினிட்டி வரிசை. 2014-இல் வந்த அஃபினிட்டி டிசைனர், சந்தா இல்லை என்பதையே தன் அடையாளமாகக் கொண்டது. 2024 மார்ச்சில் கேன்வா நிறுவனம் செரிஃபை வாங்கியது. நிரந்தர உரிமம் எப்போதும் கிடைக்கும் என்ற உறுதிமொழி அப்போதே தரப்பட்டது. 2025 அக்டோபர் இறுதியில் அந்த வரிசையின் மூன்று மென்பொருள்களும் ஒன்றாக்கப்பட்டு இலவசமாக்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குக் கேன்வாவின் கட்டணச் சந்தா வேண்டும். மென்பொருளைத் திறக்கக் கேன்வா கணக்கு வேண்டும். பழைய நிரந்தர உரிமத்தின் விற்பனை நிறுத்தப்பட்டது.

விலையே இல்லாததை வாக்குமீறல் என்று சொல்லிவிட முடியாது. பல மாணவர்களுக்கு அது வரம். ஆனால் பணம் கொடுத்து வாங்கியவருக்கு ஒரு பேரம் பேசும் நிலை இருந்தது. இலவசமாகப் பெறுபவருக்கு அது இல்லை. மூன்று எடுத்துக்காட்டுகளும் சேர்ந்து உணர்த்துவது இதுதான்: விலைமுறை குறித்த வாக்குறுதி, அதைத் தந்த உரிமையாளர் இருக்கும்வரை, அவர் வணிகம் அனுமதிக்கும்வரை மட்டுமே வாழ்கிறது.

7. பணம் நின்ற மறுநாள்

இனி மையக் கேள்விக்கு வரலாம். கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவை நிறுத்தினால் கணினியிலுள்ள பி.எஸ்.டி. கோப்புகள் அழிவதில்லை. ஆனால் ஃபோட்டோஷாப் திறக்காது. ஆண்டுத் திட்டத்தில் இருப்பவர் இணையத் தொடர்பின்றி அதிகபட்சம் 99 நாள்கள் மென்பொருளை இயக்கலாம். அதற்குள் சரிபார்ப்பு நடந்தாக வேண்டும். வேறொரு மென்பொருளில் கோப்பைத் திறந்தால் படம் தெரியும், பெரும்பாலான லேயர்களும் வரும். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உள்ளடக்கத்தை இழந்து தட்டையாகிவிடலாம். எழுத்து லேயர் திருத்த முடியாத வெறும் பிக்சல்களாக மாறலாம். முடிந்துபோன படத்துக்கு இது பெரிய இழப்பன்று. இரண்டாம் பதிப்புக்கு அட்டையில் ஒரு வரியை மாற்றித் தரச் சொல்லும் பதிப்பாளருக்கு அந்தக் கோப்பு பயன்படாது.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அதே நிறுவனத்தின் புகைப்பட மென்பொருளான லைட்ரூம் சான்று. சந்தா முடிந்தபின்னும் லைட்ரூமின் கணினிப் பதிப்பு திறக்கும். படங்களைப் பார்க்கலாம், ஒழுங்குபடுத்தலாம், செய்துவைத்த திருத்தங்களோடு வெளியே எடுக்கலாம். புதிய திருத்தம் செய்யும் டெவலப் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டும் முடக்கப்படும். 2014-இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. கருவிக்கு வாடகை கேட்பதையும், படைப்பைப் பிணையாக வைத்துக்கொள்வதையும் பிரித்துக் கையாளலாம் என்பதை இது மெய்ப்பிக்கிறது. புகைப்படக் கலைஞருக்குத் தரப்பட்ட இந்த உரிமை ஓவியருக்கு ஏன் தரப்படவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

2022 நவம்பரில் நிகழ்ந்த இன்னொன்று, சந்தாவைத் தவறாமல் கட்டியவர்களையே தாக்கியது. அச்சுத் தொழிலின் வண்ணத் தரமான பான்டோனுக்கும் அடோபிக்கும் இருந்த உரிம ஏற்பாடு மாறியது. பான்டோன் வண்ணங்களைப் பயன்படுத்தி ஆண்டுகளுக்கு முன் செய்த கோப்புகளைத் திறந்தபோது, அந்த வண்ணங்கள் இருந்த இடங்கள் கறுப்பாகத் தெரிந்தன. அவற்றை மீட்க மாதம் சுமார் 15 டாலருக்குத் தனிச் சந்தா தேவைப்பட்டது. கலைஞர் தேர்ந்தெடுத்த வண்ணம் அவரது கோப்புக்குள் இருந்தும், இரு நிறுவனங்களின் ஒப்பந்தம் அதை மறைக்க முடிந்தது.

வெனிசுவேலா நிகழ்வு இதன் அரசியல் எல்லையைக் காட்டுகிறது. அமெரிக்க அரசின் தடையாணையைக் காட்டி, அந்நாட்டிலுள்ள அனைவரின் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி 2019 அக்டோபர் தொடக்கத்தில் அறிவித்தது. பணமும் திரும்பக் கிடைக்காது என்று முதலில் சொல்லப்பட்டது. மாத இறுதியில் அமெரிக்க அரசிடம் சிறப்பு அனுமதி பெற்று நிறுவனம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அந்த மூன்று வாரங்கள், வாட்டும் பணவீக்கத்துக்கு நடுவே வெளிநாட்டு வேலைகளை நம்பிப் பிழைத்த வடிவமைப்பாளர்கள் தம் பிழைப்பு எங்கோ எடுக்கப்படும் ஒரு முடிவில் தொங்குவதைக் கண்டார்கள். வட்டில் வாங்கிய பழைய பதிப்பை அப்படி ஒரே அறிவிப்பில் நிறுத்திவிட முடியாது.

8. வாடகை மட்டுமே என்ற நிலையும் நீதிமன்றமும்

வாடகைக்கு மட்டுமே கருவி தரும் வணிகம் கணினி யுகத்தில் பிறந்ததன்று. அமெரிக்காவில் காலணி தயாரிக்கும் எந்திரங்களில் ஆதிக்கம் செலுத்திய யுனைட்டட் ஷூ மெஷினரி, தன் முக்கிய எந்திரங்களை விற்க மறுத்து, பத்தாண்டுக் குத்தகைக்கு மட்டுமே விட்டது. 1953-இல் நீதிபதி சார்லஸ் வைசான்ஸ்கி, இந்தக் குத்தகை முறை போட்டியாளர்களை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது என்று கண்டார். அவர் குத்தகையைத் தடை செய்யவில்லை. குத்தகைக் காலத்தைக் குறைத்தார். குத்தகைக்கு விடும் எந்திரத்தை, விரும்புவோருக்கு விற்கவும் வேண்டும் என்று ஆணையிட்டார். அட்டவணை எந்திரங்களை வாடகைக்கு மட்டுமே கொடுத்துவந்த ஐ.பி.எம். நிறுவனமும், 1956 ஜனவரியில் அரசோடு செய்துகொண்ட இசைவுத் தீர்வின்படி அவற்றை விற்கவும் ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டு தீர்வுகளும் மென்பொருளுக்கு அப்படியே பொருந்தா. எந்திரத்தைப் போல மென்பொருளை வாங்கி மறுவிற்பனை செய்ய அமெரிக்கச் சட்டம் எளிதில் இடம் தருவதில்லை என்பதை வெர்னர் வழக்கில் பார்த்தோம். ஆனாலும் அவற்றின் அடிப்படைத் தருக்கம் இன்றும் வலுவானது. வாடகை இருப்பது தவறில்லை; சந்தையில் ஆதிக்கமுள்ளவர் வாடகையைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்வதுதான் தவறு.

இந்தியாவிலும் இதற்குத் தொடர்புள்ள சட்ட அடித்தளம் இருக்கிறது. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊடகத்தில் விற்கப்படும் பொதுப்பயன்பாட்டு மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று 2004-இல் தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தானாகக் கழியும் சந்தாத் தொகை குறித்துக் குறைந்தது 24 மணிநேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும்; 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஒப்புதல் வேண்டும் என்பது 2022-இல் வகுக்கப்பட்ட வரம்பு. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், எளிதில் விலக முடியாத சந்தாப் பொறியைத் தடை செய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாக வரையறுக்கின்றன. கவனமின்மையைப் பயன்படுத்தும் வணிகத்துக்கு எதிராகப் பின்னிரண்டும் உறுதியான ஏற்பாடுகள். கோப்பைத் திறக்கும் உரிமை பற்றி இவை எதுவும் பேசவில்லை.

9. மூன்றாவது வழி

சந்தா, ஒருமுறை விலை என்ற இரண்டுக்கும் வெளியே நிற்பவை திறமூல மென்பொருள்கள். முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரை உருவாக்கிய டோன் ரோசன்டாலின் நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் யூரோவுக்கு மூல நிரலை விடுவிக்க ஒப்புக்கொண்டார்கள். பயனர்களும் ஆர்வலர்களும் ஏழே வாரங்களில் அந்தத் தொகையைத் திரட்டினார்கள். 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர் அனைவருக்கும் உரியதாயிற்று. உண்மையில் இதுவும் ஒருமுறை விலைதான். ஒவ்வொருவரும் தனக்காக வாங்காமல், எல்லோரும் சேர்ந்து எல்லோருக்காகவும் வாங்கிய விலை. அந்த மென்பொருளில் உருவான ஃப்ளோ என்ற லாட்வியத் திரைப்படம், 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

ஓவியத்துக்கென்றே உருவான கிரிட்டா, தன் தளத்தில் இலவசமாகவும் ஸ்டீம் போன்ற கடைகளில் விலைக்கும் கிடைக்கிறது. அந்த விற்பனையும் நன்கொடையுமே உருவாக்குவோரின் சம்பளம். பணம் கட்டாதவருக்கும் அதே மென்பொருள், அதே கோப்புகள். இம்முறையின் பலவீனம் நிதி நிலையின்மை: பெருநிறுவனத்தின் பொறியாளர் படையோடு ஒப்பிட்டால் இவற்றின் கை சிறியது. ஆனாலும் இவற்றின் இருப்பு மற்ற எல்லோர் விலையையும் கட்டுக்குள் வைக்கிறது. கலைஞருக்குப் போக ஓர் இடம் இருக்கும்வரைதான் எந்த நிறுவனமும் அவரை மதித்துப் பேசும்.

10. முடிவுகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து, சந்தாவை முற்றாக மறுக்கவோ ஒருமுறை விலையை முற்றாக ஏற்கவோ காரணம் கிடைக்கவில்லை. எந்த விலைமுறையையும் உரசிப் பார்க்க மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன.

முதலாவது, திறப்புரிமை. பணம் நின்றபின்னும் கலைஞர் தம் கோப்புகளைத் திறந்து, லேயர்களோடு பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்க முடிய வேண்டும். லைட்ரூம் இதைச் செய்கிறது, மற்றவற்றாலும் முடியும்.

இரண்டாவது, திரும்பி நிற்க ஒரு தளம். செக் நாட்டில் நிரலாளர்களுக்கான மென்பொருள்களை உருவாக்கும் ஜெட்பிரெயின்ஸ், 2015-இல் சந்தாவுக்கு மாறியபோது எதிர்ப்பைச் சந்தித்து, பன்னிரண்டு மாதம் கட்டியவருக்கு ஒரு பதிப்பின் நிரந்தர உரிமத்தைத் தந்தது. கிளிப் ஸ்டூடியோவின் அப்டேட் பாஸும் இந்த இனத்தைச் சேர்ந்தது. உருவாக்குபவருக்குத் தொடர்ந்த வருவாயும் பயன்படுத்துபவருக்கு நிலைத்த உடைமையும் ஒருசேரக் கிடைக்கும் என்பதற்கு இவை நடைமுறைச் சான்றுகள். சந்தா மட்டுமே சாத்தியம் என்ற வாதம் இவற்றின் முன் நிற்காது.

மூன்றாவது, ஒளிவற்ற வெளியேற்றம். சேர எத்தனை படிகளோ அத்தனை படிகளில் விலகவும் முடிய வேண்டும். விலகுவதற்கான தொகை, சேரும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் போட்டியாலும் சட்டத்தாலும் மெல்ல நிறைவேறி வருகின்றன. முதலாவதைக் கேட்கும் குரல்தான் இன்னும் எழவில்லை. ஓவியர் சங்கங்களும் பதிப்பகங்களும் கலைக்கல்லூரிகளும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது. அதுவரை, முடித்த ஒவ்வொரு படத்தையும் டிஃப், பி.என்.ஜி., எஸ்.வி.ஜி., ஓப்பன்ராஸ்டர் போன்ற பொதுவடிவங்களில் ஒரு பிரதி எடுத்துவைப்பது கலைஞர் தாமே செய்துகொள்ளக்கூடிய காப்பு. கருவிக்கு விலை கேட்பது உருவாக்கியவரின் உரிமை. அந்தக் கருவியால் வரைந்த படம் வரைந்தவருக்கே உரியது. எந்த விலைமுறையும் இந்த வேறுபாட்டை அழிக்க அனுமதிக்கக் கூடாது.